ஏழு வாசலில் வேப்பிலை

"ஆத்தா இன்னா உங்க வூட்டுல குடித்தனமா வந்துட்டா? பதினெட்டு நாளாச்சி யக்கா! மூணு தண்ணி ஊத்தி அனுப்பற ஆத்தாள இன்னும் இன்னாத்துக்குப் புடிச்சி வச்சினு இருக்கீங்க?"

"ஆத்தாளப் பேசறப்ப நாக்க அடக்கிப் பேசுடி. அவ வரதும் போறதும் அவ இஷ்டம். உன்னக் கேட்டுக்கினா வருவா?"

"என்னக் கேக்க வாணாம். உங்க வூட்டுக்காரரக் கேட்டுக்கினு வந்தாளா, அத்தச் சொல்லுங்க!"

இந்த இடத்தில் காசியம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். தலைக்கு மேலே வாசல் நிலையில் சொருகியிருந்த வேப்பிலைக் கொத்தைச் சரிசெய்வது போல ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதில் இருக்கிற பொம்பிளை கதவைச் சாத்துவாளா? எதிர்வீட்டுக் கமலாவுக்கு அது போதும். இடுப்பில் இருந்த எட்டு மாதக் குழந்தை ரம்யாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, தெருவில் வேறு யார் யார் கேட்டார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டாள். எல்லாரும்தான் கேட்டார்கள். கேட்காதது போல முறத்தை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். அந்த எண்பத்தேழாம் வருஷப் புரட்டாசி பிறந்த கையோடு இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில், கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில் ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. நல்ல வயசுப் புளியமரங்களாகப் பார்த்துச் சாய்த்துக் குறுக்கே போட்டிருந்தார்கள். யார் சாய்த்தது என்று ஊருக்கே தெரியும். கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ரோடு திறந்ததும் முதலில் வந்தது பஸ் இல்லை, போலீஸ் வேன்.

வேன் வந்த அன்று, தெருக்கோடியில் பச்சையம்மாள் வீட்டில் அவளுடைய கடைக்குட்டிக்கு மெய்யாகவே மணல்வாரி அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை. உள்ளே நுழையப் போன கான்ஸ்டபிள் அதைப் பார்த்ததும் பூட்சுக் காலை அப்படியே பின்னுக்கு இழுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அடுத்த வூடு பாருங்கய்யா" என்று போய்விட்டார். இதைத் தெரு முழுக்கப் பார்த்தது. பொழுது சாய்வதற்குள் அந்தத் தெருவில் ஏழு வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது. முனையில் இருந்த வேப்பமரம் ஆடு மேய்ந்த செடி மாதிரி ஆனது.

கமலாவின் வயிற்றெரிச்சலும் அங்கேதான். அவள் புருஷன் மாயவன் அவசரக்காரன். வேன் சத்தம் கேட்பதற்கு முன்னாடியே கல்வராயன் மலை ஏறிவிட்டான். வெள்ளிமலைப் பக்கம் யாரோ ஒரு மலைக்காரர் வீட்டில் சாமைக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடப்பதாக, புளி விற்க இறங்கி வந்த ஒருவர் மூலம் தகவல் வந்தது. அரை நாள் பொறுத்திருந்தால் அவனும் வீட்டிலேயே வேப்பிலைக்குப் பின்னால் சோறு தின்றுகொண்டு இருந்திருக்கலாம். எதிர்வீட்டு வீரமுத்து இருக்கவில்லையா?

வீரமுத்து காசியம்மாளின் புருஷன். கோடாலி பிடித்தால் இரண்டு ஆள் வேலை. அவன் சேலத்தில் இருக்கிறான் என்பது காசியம்மாள் சொல்லும் கதை. சேலத்தில் இருக்கிறவன் லுங்கி புழக்கடையில் சேலைக்கு அடியில் காய்வானேன்? தாயும் மகளுமாக இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு வடிகஞ்சி எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலே, நாலு நாளாக அந்த வீட்டிலிருந்து இருமல். வறட்டு இருமல், தகரத்தில் தட்டுவது போல. "ஆறு வயசுப் பொண்ணு அப்படி இருமுவாளா? பீடி இருமல்டி அது" என்று கமலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெருவில் வேறு யாரும் அவளோடு பேச்சு வைத்துக்கொள்ள விரும்பாத நேரம் அது.

மறுநாள் செலினா வந்தாள். சுகாதார நர்ஸ். முப்பது வயசிருக்கும், திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிறிஸ்துவப் பொண்ணு. சைக்கிளை முனையிலேயே நிறுத்திவிட்டு நோட்டும் கையுமாக நடந்து வந்தாள். அந்த நோட்டைப் பார்த்தால் தெருவுக்கு ஆகாது. அதில் எழுதுகிற பெயரெல்லாம் நேரே ஸ்டேஷனுக்குப் போகிறது என்று ஒரு பேச்சு. பேச்சைக் கிளப்பியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளே இடுப்பில் குழந்தையோடு செலினா எதிரே வந்து நின்றாள்.

"ஒரே தெருவுல ஏழு வூட்டுல அம்மைன்னா நான் மேல எழுதணும்மா. ஆனா ஒருத்தரும் கதவத் தொறக்க மாட்டேங்கறாங்க. எத்தினி மெய்யி, எத்தினி சும்மா?"

"எனக்கு இன்னாங்க தெரியும் நர்சம்மா? நானுண்டு என் வேலயுண்டுன்னு இருக்கறவ."

செலினா சிரித்தாளா இல்லையா என்று தெரியாத மாதிரி சிரித்தாள்.

"மெய்யான அம்மை ஒரே நாள்ல பொரிஞ்சிராது, கமலா. மொதல்ல மூணு நாலு நாளு சுரம் காயும். மூக்கு ஒழுவும். கண்ணு செவந்து வெளிச்சத்தப் பாக்காது. வறட்டு இருமல் வுடவே வுடாது. அந்த நேரத்துல வாயத் தொறந்து கன்னத்துக்கு உள்பக்கம் பாத்தா ரவ எறச்சாப்புல வெள்ள வெள்ளயா இருக்கும். அப்பறந்தான் காதுக்குப் பின்னாடி செவப்பா ஆரம்பிச்சி மூஞ்சி, மாரு, காலுன்னு எறங்கும்."

"எல்லாம் ஆத்தாளோட வெளயாட்டு."

"யாரு வெளயாட்டோ. ஆனா இருமற காத்துலதான் ஒட்டுது. பொரியறதுக்கு நாலு நாளு முன்னயே ஒட்டும், பொரிஞ்சி நாலு நாளும் ஒட்டும். ஆளு எழுந்து போனாக்கூட அந்தக் காத்து ரூமுல ரெண்டு மணி நேரம் நிக்கும். வேப்பல கட்டறத நான் கொற சொல்லல. அத்தப் பாத்து வெளியாளு உள்ள போவறதில்ல பாரு, அது நல்லதுதான். பொய்யாக் கட்டினாத்தான் வம்பு. எந்த வூட்டுக்குள்ள போவக்கூடாதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றவள் ரம்யாவின் காலைப் பிடித்து ஆட்டினாள். "இவளுக்கு இன்னா வயசு?"

"எட்டு முடிஞ்சி பத்து நாளாவுது."

"ஒம்போது முடிஞ்சதும் ஊசி போட்டுடலாம். இப்ப புதுசா வந்துகினு இருக்கு. அது வரைக்கும் இருமற வூட்டுக்குத் தூக்கினு போவாத. பால மட்டும் நிறுத்திடாத."

கமலா தலையை ஆட்டினாள். ஆனால் காதில் பாதிதான் ஏறியது. செலினா நோட்டில் 'ர' என்று ஏதோ எழுதியதை எட்டிப் பார்ப்பதிலேயே மீதிக் கவனம் போய்விட்டது.

இரண்டு நாள் தாங்கினாள். மூன்றாம் நாள் காசியம்மாள் கரும்புக் கொல்லைக்குச் சோகை உரிக்கப் போவதைக் கண்ணாலே பார்த்தாள். வீட்டில் அம்மை போட்ட பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் வேலைக்குப் போவாள்? யாரோ உள்ளே பார்த்துக்கொள்ள இருந்தால்தானே? கமலா புழக்கடைப் பக்கமாகச் சுற்றிப் போனாள். வேப்பிலை முன்வாசலில்தான் இருந்தது. பின்வாசலுக்கு அவள் மனசில் சட்டம் வேறே. ரம்யாவை யாரிடமாவது விட்டுவிட்டு வரலாம் என்று தோன்றவே இல்லை. இடுப்பில் குழந்தை இருப்பது அவளுக்குக் காதில் கம்மல் இருப்பது மாதிரி.

தட்டியைத் தள்ளினாள். உள்ளே இருட்டு. சன்னலைக்கூடச் சாக்கு போட்டு மூடியிருந்தது. கண் பழகியதும் வீரமுத்து தெரிந்தான்.

"மாட்டினியா மாமா!" என்று சொல்ல வாயைத் திறந்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மரம் சாய்த்த அந்த ஆள், ஒரு கையில் வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டு, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வேப்பிலைப் படுக்கையில் மகள் அமிர்தம். முகமெல்லாம் செவசெவ என்று மணல் வாரி இறைத்தது போல இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தகரத்தில் தட்டுகிற அந்த இருமல் அவளிடமிருந்துதான் வந்தது.

"கத்தாத கமலா" என்றான் வீரமுத்து. "உன் கால்ல வேணா வுழறேன்."

"மெய்யாவே அம்மையா?"

"மொதல்ல சும்மாதான் கட்டினோம். இவ பச்சையம்மா வூட்டுப் பையன்கூடத்தான் எந்நேரமும் ஆடிக்கினு இருந்தா. இப்ப பாரு. பொய் சொல்லிக் கூப்ட்டோம்ன்னு ஆத்தா மெய்யாவே வந்து உக்காந்துட்டா."

"நர்சம்மாவக் கூப்புடறதுதான?"

"ஊசி கீசின்னு போனா அவ இன்னும் கோவப்படுவான்னு காசி சொல்றா. அதுவும் இல்லாம நர்சு உள்ள வந்தா என்னப் பாத்துடுவா இல்ல? ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கணும்ன்னுதான் காசி வேலைக்கே போறா."

உட்கார்ந்துவிட்ட கமலா அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மாசமாகத் தெருவுக்குத் தெரியாத சங்கதியெல்லாம் தெரிந்த ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எப்படி எழுந்திருப்பாள்? எந்த மரத்தை யார் வெட்டியது, மாயவன் எத்தனை வெட்டு வெட்டினான், பயந்துபோய் நடுவில் ஓடியது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சாக்கு போட்ட அந்த அறையில் ஒரு மணி நேரம் போனது. ரம்யா மடியிலிருந்து நழுவித் தவழ்ந்து போய் அமிர்தத்தின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். அமிர்தம் அவள் முகத்திலேயே இருமினாள். கமலா பேச்சு சுவாரசியத்தில் குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "அப்பறம்?" என்றாள்.

போகும்போது ஒப்பந்தம் ஆனது. வீரமுத்துவைப் பற்றி அவள் வாய் திறக்க மாட்டாள். மாயவன் போட்ட வெட்டுகளைப் பற்றி அவன் வாய் திறக்க மாட்டான். ஊரிலேயே முதல்தடவையாகக் கமலா ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினாள். காப்பாற்றக் கூடாத ரகசியம் அது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அமிர்தம் தானாகவே தேறினாள். கமலா அந்த வீட்டுக்குப் போய்வந்த பதினோராம் நாள் ரம்யாவுக்கு உடம்பு சுட்டது.

பல் முளைக்கிற சுரம் என்று கமலா நினைத்தாள். மூக்கு ஒழுகியது; சளி என்றாள். கண் சிவந்தது; அடுப்புப் புகை என்றாள். மூன்றாம் நாள் இருமல் ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை அவள் தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு எண்ணி எண்ணிக் கேட்டவள். மறுபடி அடையாளம் சொல்லத் தேவையில்லை. குழந்தை அழுது வாயைத் திறந்தபோது உள்ளே பார்த்தாள். ரவை இறைத்திருந்தது. நாலாம் நாள் காதுக்குப் பின்னால் சிவப்பு ஏறியது. மொட்டை மரத்தில் மிஞ்சியிருந்த ஒரே கிளையை ஒடித்து வாசலில் கட்டினாள்.

தெருவே வேடிக்கை பார்த்தது.

"மாயவன் எறங்கி வந்துட்டானா? ஏண்டி கமலா, மலையில கஞ்சி கசந்துடுச்சா?" என்று பச்சையம்மாள் கேட்டாள்.

"பச்சக் கொழந்தக்கி சுரம் யக்கா. தாங்க மாட்டேங்குது."

"இருக்கும் இருக்கும். இன்னா இருந்தாலும் கொஞ்சம் மெதுவா இருமச் சொல்லு. ஆம்பள இருமல் வெளியில கேக்குது."

தன் வாயிலிருந்து போன பேச்சு ஊர் சுற்றித் தன் வாசலுக்கே வந்தது போல இருந்தது கமலாவுக்கு. ஒரு வாய்த் தண்ணீர் கொண்டுவர ஆள் இல்லை. எல்லார் வீட்டுக் கண்ணும் அவள் வீட்டுச் சோற்றுப் பானை மேலே.

மறுநாள் காலை செலினா வந்து கதவைத் தட்டினாள். கமலா திறக்கவில்லை. ஆத்தா இருக்கிற வீட்டில் வெளியாள் வரக்கூடாது என்றாள் உள்ளிருந்தே. மூன்று தண்ணீர் ஊற்றாமல் குழந்தை வாசல் தாண்டக் கூடாது என்றாள். செலினா வாதாடவில்லை.

"சரி, நான் வரல. பால் குடிக்குதா? அத்த மட்டும் சொல்லு."

அப்புறம் தாழ்ப்பாள் நகர்ந்தது.

"நேத்துலருந்து வாயில வச்சி வச்சி வுட்டுடுது நர்சம்மா. உறிய மூச்சு இல்ல."

செலினா குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"அறுவத்தெட்டு. அம்பதுக்கு மேல போனாலே ஆவாது. அம்மை நுரையீரல்ல எறங்கிடுச்சி. இதுக்கு நான் குடுக்கற மருந்து பத்தாது, கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே."

"பஸ்ஸு பதினொண்ணரைக்குத்தான்."

"அது வரைக்கும் இது தாங்காது, கமலா."

தெருமுனையில் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கும் ஆள் தேடி வந்த போலீஸ் வேன். செலினா அதைப் பார்த்தாள். செலினா பார்ப்பதைக் கமலாவும் பார்த்தாள். அந்த வண்டியில் ஏறினால் தெரு என்ன பேசும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அவளாக இருந்தால் என்ன பேசுவாளோ, அதுதான்.

குழந்தை ஒரு மூச்சை இழுத்து அடுத்ததற்குத் தேடியது. கமலா அதைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"உள்ள யாரும்மா?" என்றார் கான்ஸ்டபிள்.

"நீங்களே போய்ப் பாத்துக்குங்க சார். அடுப்படி, பரண், எல்லாம் தொறந்துதான் கெடக்குது. மொதல்ல எங் கொழந்தய ஆஸ்பத்திரியில வுடுங்க."

கான்ஸ்டபிள் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். வண்டிக்குள்ளிருந்த அதிகாரி, "ஏறச் சொல்லுய்யா" என்றார். ஏறுவதற்கு முன் கமலா செலினாவை இழுத்து அவள் காதில் ஏதோ சொன்னாள். ஏழு வாசலும் அதைப் பார்த்தது. என்ன சொன்னாள் என்று ஒரு வாசலுக்கும் கேட்கவில்லை. கேட்காமல் போனதால்தான் பிற்பாடு அவரவர் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "எதுத்த வூட்டுல முந்தாநேத்துலருந்து ஒரு ஆளு இருமறாரு. கொழந்த இருமல் இல்ல. இந்த அம்மை இருமல்தான்."

ஆஸ்பத்திரியில் ரம்யாவுக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள். வேளைக்கு ஊசி போட்டார்கள். கண்ணு கெடாமல் இருக்க என்று மஞ்சளாக எண்ணெய் போல ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். பாலைப் பீய்ச்சிக் கரண்டியால் ஊற்றச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் அவளாக வாய் வைத்துக் குடித்தாள். கமலா வாழ்க்கையிலேயே பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் யார், என்ன ஊர் என்று கேட்காமல் இருந்த நாட்கள் அந்த ஐந்தும்தான்.

இங்கே தெருவில், செலினா நோட்டை வீசிவிட்டு வந்தவள் போல வெறுங்கையோடு காசியம்மாள் வீட்டுக்குள் போனாள். சின்ன வயசில் அம்மை போடாத ஆள் வீரமுத்து; பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டான். பெரிய ஆளுக்கு வந்தால் இன்னும் மோசம், கூட்டிப் போ என்று செலினா சொன்னாள். காசியம்மாள் இரண்டு நாள் முரண்டு பிடித்தாள். மூன்றாம் நாள் ஆள் பிதற்ற ஆரம்பித்ததும், கம்பளியைப் போர்த்தி முதல் பஸ்ஸில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. ஒரு மணி நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு கான்ஸ்டபிளும் உட்கார்ந்துகொண்டார். குணமானதும் நாற்பது நாள் கடலூர் ஜெயில்.

கமலா குழந்தையோடு திரும்பி வந்த அன்று காசியம்மாள் நடுத்தெருவில் நின்றாள்.

"நர்சு காதுல இன்னாடி ஓதுன?"

"உன் வூட்டுக்காரரு செத்துடுவாருன்னு ஓதுனேன்."

"எம் புருசன் சாவறதும் பொழைக்கறதும் உனக்கு இன்னாடி? போலீஸ் வண்டியில சவாரி போனியே, அதுக்குக் கூலியா அவரக் குடுத்தியா?"

"வண்டியில அவரு பேர நான் சொல்லல. எங் கொழந்த மேல சத்தியம்."

"பின்வாசல்ல நொழஞ்சவ சத்தியத்த யாரு நம்புவா? நீயா உள்ள வந்து, நீயா ஒட்டிக்கினு போய், எங் குடியக் கெடுத்தியேடி!"

இதற்குக் கமலாவிடம் பதில் இருந்தது. ஆனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் செலினா ஐஸ் போட்ட நீலப் பெட்டியோடு ஊசி போட வந்தாள். ஒருவரும் பிள்ளையை அனுப்பவில்லை. ஊசி போட்ட தழும்பைப் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்று போலீஸ் கண்டுபிடிக்கும் என்றாள் பச்சையம்மாள். செலினா பேனாவை எடுத்து நோட்டில் எல்லாரும் பார்க்க ஒரு கோடு மட்டும் போட்டாள். "பேரு வாணாம். ஒரு புள்ளக்கி ஒரு கோடு" என்றாள். மத்தியானத்துக்குள் இருபத்து மூன்று கோடு ஆனது. இதற்காக மேலே அவள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று கேள்வி. ஆனால் அந்தத் தெருவில் அதற்கப்புறம் புதிதாக ஒரு பிள்ளையும் படுக்கவில்லை.

மாயவன் தை மாசம் இறங்கி வந்தான். கேட்ட ஒதுக்கீடு ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. கேசெல்லாம் அப்படியே அமுங்கிப் போயிற்று. வீரமுத்து அதற்கு முன்னாடியே குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். காசியம்மாள் வீட்டைப் பூட்டியபோது ஆறு வீட்டில் சொல்லிக்கொண்டாள். அமிர்தத்தை அங்கேயே ஒரு மேஸ்திரி மகனுக்குக் கொடுத்தார்கள். பத்திரிகை தெருவுக்கு வந்தது, கமலா வீட்டைத் தவிர. ரம்யாவுக்கு ஒரு காது மந்தம், மற்றபடி குறையில்லை; வடக்கனந்தலில் கரும்பு வைக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். செலினாவைத் திருக்கோவிலூருக்கு மாற்றினார்கள். அங்கே பிலிப்பு என்ற வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அந்தத் தெருவிலிருந்து போனது கமலா ஒருத்திதான். போய்விட்டு வந்து மாப்பிள்ளைக்குத் தலைமயிர் கம்மி, கறியில் எலும்பு ஜாஸ்தி என்று மூன்று மாசம் சொல்லிக்கொண்டிருந்தாள்.